நான் அவிழ்த்தெறிந்த வேப்பங்குழை

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே, வெறும் பாறை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டினேன். சிரித்தவர்கள் பிறகு அதில்தான் வாளி இறக்கித் தண்ணீர் கோரினார்கள். ஓட்டு வீடு கட்டினேன். அதன் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, அண்டியாபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்டேன். ‘ஆம்பிள தொட்டில் ஆட்டுகான்’ என்று சந்தையில் கேலி பேசினார்கள். பேசியவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தத் தொட்டிலில்தான் தூங்கினார்கள்.

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்வதற்கு நாலு வருஷம் முன்பு இது நடந்தது. அப்போது பதினான்கு பிள்ளைகள். பார்க்க நானும் என் மனைவியும் மட்டும்.

ஒரு காலையில் ஒரு தாய் தன் இரண்டு வயது மகளைக் கொண்டுவந்தாள். பிள்ளையின் தலையில் எண்ணெய் வழிந்தது. முகத்தை ஈரத்துணியால் துடைத்திருந்தாள். கண் சிவந்து கிடந்தது.

“பிள்ளைக்கு மேலு சுடுகே” என்றேன், நெற்றியைத் தொட்டு.

“பல்லு முளைக்குது அண்ணாச்சி. அண்டியாபீசுல சங்கு ஊதியாச்சு, கேட்ட அடச்சிருவாவ” என்று ஓடிவிட்டாள்.

மத்தியானம் காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொரிந்திருந்தது. மணல்வாரி அம்மை.

எங்கள் பக்கத்தில் அம்மை கண்டால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாசலில் வேப்பங்குழை, வேப்பிலைக் கொத்து, கட்டுவார்கள். பார்த்தவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள். அன்று மாலை அந்தத் தாயிடம் பிள்ளையைக் கொடுத்து, வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். என் மனைவி ஒரு குழை ஒடித்துக் கொட்டகை வாசலில் கட்டினாள். நான் அவிழ்த்தேன்.

“இன்னா பாருங்க, மத்த தாய்மாரு அறியண்டாமா?”

“கெட்டுனா நாளைக்கு ஒருத்தி வரமாட்டா. இத்தன பாடுபட்டு உண்டாக்குனது ஒரு குழையில போவணுமா? நான் பாக்காத அம்மைத் தீனமா?”

குழையைக் குப்பைக்குழியில் எறிந்தேன். மறுநாள் காலை பதின்மூன்று பேரும் வந்தார்கள். அந்தச் சிறுமி எங்கே என்று கேட்டவர்களிடம், ஆச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து நாலு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மூன்று தேறின. நாலாவது, கொட்டகையிலேயே சின்னது, பதினொரு மாதக் கைக்குழந்தை. இருமலில் அதன் நெஞ்சு இழுத்தது. சாதாரணச் சளிதான் என்று அதன் தாயிடம் சொல்லி, இரண்டு நாள் துளசிச் சாறு புகட்டினேன். மூன்றாம் நாள் அவளே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிள்ளை திரும்பி வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் தொட்டில் துணியை வாங்க வந்தாள். அது அவளுடைய பழைய புடவை. அதை அவிழ்த்துக் கொடுக்கும்போது என் மனைவி அழுதுகொண்டே குழையை நான் எறிந்ததைச் சொல்லிவிட்டாள். அந்தத் தாய் என்னை ஏசவில்லை. புடவையை நாலாக மடித்தாள்.

“நான் தெனமும் வாசலப் பாத்துட்டுத்தான் பிள்ளையத் தந்தேன் அண்ணாச்சி. குழை கிடந்திருந்தா திரும்பிப் போயிருப்பேனே.”

 

பிறகு கொட்டகையில் ஒரு நடைமுறை வைத்தேன். காலையில் தாயின் முன்னாலேயே ஒவ்வொரு பிள்ளையின் கழுத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். எந்தப் பிள்ளைக்குச் சுட்டாலும் வாசலில் குழை. கேட்டவர்களுக்கு வாய்விட்டும் சொல்வேன். சில நாள் கொட்டகை காலியாகவே கிடந்தது. மாற்றவில்லை.

இப்போது எங்கள் ஊர் பாலர் பள்ளியில் அதே முறைதான். அதை ஒரு டீச்சர் தொடங்கியதாக அவர்கள் ஆண்டு மலரில் அச்சடித்திருக்கிறார்கள். அது பிசகு. தொடங்கியது நான். அதைத் திருத்தி எழுத வேண்டும். எழுதும்போது, முதல் குழையை அவிழ்த்தெறிந்தவனும் நான்தான் என்று அடுத்த வரியிலேயே எழுத வேண்டும். அந்த வரி இல்லாமல் முதல் வரி மட்டும் என் பேரில் வந்தால், நாலாக மடித்த அந்தப் புடவைக்கு நான் இன்னொரு பொய் சொன்னவனாவேன்.