தவசியைப் பிழைக்க வைத்த கேள்வி

செல்லத்தாய்க்கு வாய் நீளம் என்று கோவில்பட்டிப் பக்கத்துச் சொந்தமெல்லாம் சொல்லும். ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். திருப்பூரில் அவளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, கணவர் தவசிக்குச் சாயப்பட்டறையில். இரண்டு இடத்திலும் வழக்கம் ஒன்றுதான். யாருக்காவது முடியவில்லை என்றால் சூப்பர்வைசர்தான் கூட்டிப்போவார், டாக்டரிடம் அவர்தான் பேசுவார். நோயாளி குறுக்கே வாயைத் திறந்தால் அது மரியாதைக் குறைவு.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு முற்பகல், தவசி பட்டறையில் சுருண்டு விழுந்தார். சூப்பர்வைசர் பொங்கியண்ணன் தங்கமான மனிதர். தவசியை வேனில் ஏற்றி, வழியில் செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டு கேஷுவாலிட்டிக்குப் பறந்தார். போனதும் வழக்கம்போல் அவரே பேசினார்.

"பசி மயக்கமுங்க டாக்டர். காலைல சாப்புடாம வந்துட்டாருங்க. ஒரு குளுக்கோஸ் போட்டீங்கன்னா எந்திரிச்சுக்குவாருங்க."

டாக்டர் சித்ராதேவி கேட்டுக்கொண்டார். "சரிங்கண்ணா, கொஞ்சம் வெளிய இருங்க" என்று அவரை அனுப்பிவிட்டுச் செல்லத்தாயிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கக்கா. என்னாச்சுங்க?"

"அவுக சொன்னதுதான் டாக்டரம்மா. பசி மயக்கம்."

புருஷன் உயிருக்குப் போராடிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார், இந்த மகராசி சூப்பர்வைசருக்கு மரியாதை காட்டுகிறாள்!

டாக்டர் விடவில்லை. "அவரு சொன்னதைக் கேட்டாச்சுங்க. நீங்க பாத்ததைச் சொல்லுங்க. ஏன் சாப்புடலீங்க?"

அப்போதுதான் செல்லத்தாய்க்கு வாய் வந்தது. "மெல்ல முடியலைன்னாக. தாடை வலிக்குன்னாக. பல்லுவலின்னு நாந்தான் கிராம்பு வச்சு அனுப்பிவிட்டேன். கெளம்புறப்பவே சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சிருச்சு."

தாடை வலியும் வேர்வையும் இதயக் கோளாறாக இருக்கலாம் என்று அடுத்த நிமிஷமே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. ஊசி, மருந்து, ஓட்டம். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "பயமில்லீங்கக்கா, பொழச்சுக்கிட்டாரு" என்றார். செல்லத்தாய் கும்பிடக் கையெடுத்தாள், அழுகை முந்திக்கொண்டது. பொங்கியண்ணனும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தவசி வீடு திரும்பும் நாளில் டாக்டர் ஒரு அனுமதி கேட்டார். கேஷுவாலிட்டிக்கு வருகிறவர்களின் நோயைக் கண்டுபிடிப்பதில் எங்கே தப்பு நடக்கிறது என்று அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கம்பெனி ஆட்கள் வந்தால், கூட வந்தவர் சொன்னதே நோய் என்று ஆகிவிடுகிறதாம். அதனால்தான் அவரை வெளியே நிறுத்திவிட்டு விசாரிக்கும் புது ஏற்பாடு. தவசியின் கதையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமா?

தவசி சந்தோஷமாகத் தலையாட்டினார். "அவுக பேரை நல்லாப் பெருசாப் போடுங்க டாக்டரம்மா!" என்றாள் செல்லத்தாய்.

"ஆராய்ச்சில யாரு பேரும் போடக்கூடாதுங்கக்கா."

அவளுக்கு முகம் தொங்கிவிட்டது. "இந்த ஆராய்ச்சியை ஆரம்பிச்ச புண்ணியவான் யாரும்மா?"

டாக்டர் தவசியைக் காட்டினார். "இவரு மாதிரியே ஒருத்தர் வந்தாருங்க. கூட வந்தவங்க வாயுப்பிடிப்புன்னு சொன்னாங்க. இங்கயும் அதை நம்பி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. ஊட்டுக்குப் போய் இறந்துட்டாருங்க. அதுக்கப்பறந்தான் ஆரம்பிச்சோம்."

"அவுக பேரு என்னம்மா?"

"அதையும் சொல்லக்கூடாதுங்கக்கா."

வெள்ளிக்கிழமை ஈஸ்வரன் கோயிலில் தவசி பேருக்கு அர்ச்சனை முடிந்ததும், செல்லத்தாய் இன்னொரு தட்டை நீட்டினாள். குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

"தெரியாது சாமி. ஒருத்தரு செத்துப்போனாக. அதனாலதான் எங்க வீட்டுக்காரக இங்க நிக்காக. அவுக சம்சாரமும் பிள்ளைகளும் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

குருக்கள் தவசியைப் பார்த்தார். பிறகு சாமி பேருக்கே அர்ச்சனையைத் தொடங்கினார்.