மதர் கேட்ட கேள்வி

அக்கா பள்ளிக்கூடப் படிப்பை முடித்த கோடையில், எங்கள் காரைக்குடி வீட்டில் தினமும் சாயங்காலம் நான்தான் வெள்ளைக்கார மதர். எனக்கு எட்டு வயது. அப்பாவின் வேட்டியை முக்காடாகப் போட்டு முக்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். மதராஸில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் கல்லூரி ஒன்றின் தலைமை மதர் மதுரைக்கு வருவதாகவும், ஒவ்வொரு பெண்ணையும் நேரில் பார்த்துப் பேசித்தான் சேர்ப்பார் என்றும் தகவல் வந்திருந்தது. அப்பா அதை இண்டர்வியூ என்றார். அம்மா அதைப் பெண் பார்க்க வருவது என்றாள்.

அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியார். எங்கள் மாதா கோயில் பங்கில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப நினைத்த முதல் ஆள் அவர்தான். சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே பழித்தார்கள். அவர் அசரவில்லை. அக்காவை டாக்டராக்குவது என்று அவள் தாவணி போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்.

மதர் என்னென்ன கேட்பார் என்று யோசித்து, பதில்களையும் அவரே இங்கிலீஷில் எழுதினார். கேள்விகளை எனக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்தார். நான் அர்த்தம் தெரியாமல் அதட்டிக் கேட்பேன். அக்கா கைகட்டி நின்று பதில் சொல்வாள். ஏன் படிக்க விரும்புகிறாய் என்பதற்கு, என் நாட்டுப் பெண்களின் நோய் தீர்க்க என்று பதில். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். அக்காவுக்கும் தொற்றிக்கொள்ளும். அப்பா முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்.

மதுரைக்கு நானும் போனேன். கான்வென்ட் தாழ்வாரத்தில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் உள்ளே போனாள். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். அப்பா எழுந்து நின்று, என்ன கேட்டார்கள் என்றார்.

"நீங்க எழுதினதைத்தான்ப்பா மொதல்ல சொன்னேன். மதர் சிரிச்சாக. அப்புறம் தமிழ்லயே பேசினாக. இதெல்லாம் உங்கப்பா ஆசை, உனக்கு என்ன படிக்க ஆசைன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. யோசிச்சுப் பார்த்தேன். எனக்குன்னு எதுவுமே தோணல."

அப்பா திட்டவில்லை. உள்ளே போய் மதரிடம் மன்றாடிவிட்டு வந்தார். பெண் நல்ல பெண், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று சொல்லிவிட்டாராம். திருப்பத்தூர் வழியாக வந்த பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அக்கா எங்களை விட்டுப் போகமாட்டாள் என்ற சந்தோஷத்தில் நான் அவள் மடியிலேயே தூங்கிப்போனேன்.

அந்த ஒரு வருஷத்துக்குள் சிவகங்கையிலிருந்து வரன் வந்தது. அப்பா வேண்டாம் என்று சொல்வார் என எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் அக்காவைக் கூப்பிட்டு, உனக்கு விருப்பமா என்று கேட்டார். அவர் அவளிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. உங்கள் இஷ்டம் என்றாள் அக்கா.

என் முறை வந்தபோது எனக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. அந்த மதர் தன் தேசத்துக்குத் திரும்பிப் போயிருந்தார். அவர் இடத்தில் இருந்தவர் என் மார்க்கைப் பார்த்தார், ஊர்ப் பெயரைக் கேட்டார், அடுத்த பெண்ணை வரச் சொன்னார். அவ்வளவுதான், இடம் கிடைத்துவிட்டது.

மதராஸுக்குப் போகுமுன் சிவகங்கையில் அக்கா வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, மதர் என்ன கேட்டார் என்று விசாரித்தாள்.

"ஒண்ணுமே கேக்கலக்கா. இப்பல்லாம் அது சும்மா பேருக்குத்தான்."

"ஒண்ணுமேயா?"

"ஊரு பேரைக் கேட்டாக. வேற ஒண்ணுமில்ல."

அவள் குழந்தையைத் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். பால் பொங்கிவிடும் என்று அடுப்படிக்கு எழுந்து போனாள். அடுப்பில் பால் இருந்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அந்தக் கேள்வி பெரிய கேள்வி, அதற்குப் பதில் இல்லாதவள் போகக்கூடாத இடம் அது என்று நம்பித்தான் அவள் அத்தனை வருஷமும் மனதை ஆற்றி வைத்திருந்தாள் என்பது பதினாறு வயதில் எனக்குப் புரியவில்லை.