லைட்டை யார் தூக்குவது?

போன வாரம் காணும் பொங்கலுக்குப் பழவேற்காடு போயிருந்தேன். வேடிக்கை பார்க்க இல்லை — சீஃப் கெஸ்ட்!

அங்கே கோட்டைக்குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் ஊர்வலம். ஃபைபர் போட்டுகளுக்கு வாழைமரம் கட்டி, சீரியல் பல்பு சுற்றி, டிராக்டரில் ஏற்றி, பொழுது சாய்கிற நேரத்தில் டச்சுக் கல்லறை வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுபோவார்கள். கமிட்டித் தலைவர் தேவராஜ் என் நண்பர். பொன்னாடை, டிராக்டரில் ஒரு நாற்காலி, கையசைப்பு... என் வேலை அவ்வளவுதான் என்றார். எனக்கேற்ற வேலை.

முதல் நாளே போய்விட்டேன். கமிட்டி கூடியிருந்த கொட்டகை வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். பெயர் கன்னியம்மா. ஏரித் தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைத் தடவித் தடவி, வெறுங்கையால் இறால் பிடிக்கிற குடும்பம். பிடித்ததைப் போடும் பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் அல்லவா இருக்கிறது?

ஊர்வலத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. வருடா வருடம் டியூப்லைட் ஸ்டாண்டைத் தலையில் சுமந்து, இரண்டு ஓரமும் நடப்பவர்கள் அவர்கள்தான்.

"தேவராஜண்ணே, இந்த வருசம் நாங்களும் ஊர்வலத்துல வர்றோம்."

"வருசா வருசம் வந்துனுதான கீறீங்க கன்னிம்மா?"

"லைட்டு வருது. நாங்க எங்க வர்றோம்? போன வருசத்து வீடியோவ எம் பொண்ணு திருப்பித் திருப்பிப் பாத்தா. போட்டு தெரியுது, லைட்டு தெரியுது, குறுக்க போன நாய்கூடத் தெரியுது. எங்காளுங்க ஒருத்தரும் இல்ல."

மாரி என்ற போட்டுக்காரர் குரலை உயர்த்தினார். "இது போட்டு ஊர்வலம்மா. உங்களாண்ட போட்டு ஏது?"

"போட்டு இல்ல. கை கீது. போட்டுக்கு முன்னால நடந்து வர்றோம்."

"இவங்க முன்னால நடந்தா என் போட்டு வராது. சொல்லிட்டேன்."

சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூலையிலிருந்து ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும்... லைட்ட யாரு தூக்கறது?"

கொட்டகை மொத்தமும் கவலையில் ஆழ்ந்தது.

நாம் யாரையும் ஒதுக்குகிறவர்கள் இல்லை. 'அவங்களும் வரட்டுமே, யாரு வேணாம்னா?' என்று தாராளமாகச் சொல்வோம். வந்துவிட்டால் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையை யார் செய்வது? அங்கேதான் நம் தாராளம் கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறது.

"சார் இன்னா சொல்றாரு?" — தேவராஜ் என் பக்கம் திரும்பினார். சீஃப் கெஸ்டுக்குக் கருத்தெல்லாம் இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

"வரட்டுமே..." என்றேன்.

தேவராஜ் வாசல் பக்கம் திரும்பினார். "வா கன்னிம்மா. முன்னாலயே வா."

மறுநாள் மாலை கன்னியம்மாவின் தெருவே வந்தது. பெண்கள் தலையில் கனகாம்பரம், கையில் பறி. மாரியின் போட்டு வரவில்லை. மாரி வந்தார். ஓரமாக நின்றார்.

டியூப்லைட்டுகள் தரையில் வரிசையாக இருந்தன. மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. இளைஞர்கள் அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்துப் போன் வந்துவிட்டது.

தேவராஜின் மனைவி செல்வி ஒரு துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தார். "இன்னா பாத்துனு நிக்கற? தூக்கி வையி" என்றார் கணவரிடம்.

தூக்கி வைத்தார். மனைவி தலையில் லைட்டோடு நிற்க, தலைவர் எப்படி வெறுந்தலையோடு நிற்பது? தானும் ஒன்றைத் தூக்கினார். அதன் பிறகு போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. என் தலைக்கும் ஒரு லைட் வந்தது. பொன்னாடையைச் சுருட்டினால் அருமையான சும்மாடு என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

ஊர்வலம் கிளம்பியது. எல்லாருக்கும் முன்னால் கன்னியம்மாவும் பெண்களும் — பல்லில் பறியைக் கடித்து, இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு. சில வீடுகளில் கதவு மூடியது. பல வீடுகளில் மொட்டைமாடி நிறைந்தது. கன்னியம்மாவின் மகள் பின்னோக்கி நடந்தபடியே வீடியோ எடுத்தாள். "அம்மா, இங்க பாரு! அம்மா!" அம்மா பார்த்தார். வாயில் பறி இருந்ததால் சிரிப்பு கண்ணில் மட்டும் வந்தது.

டச்சுக் கல்லறை வாசலில் தேவராஜ் நின்றுவிட்டார். "ஒரு நிமிசம் நில்லுங்கபா... கழுத்து போச்சு."

லைட்டை இறக்கினார். டிராக்டர் மேல் ஏறினார். போட்டின் ஓரத்தில் ஸ்டாண்டை நிறுத்திக் கயிற்றால் கட்டினார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் அவரவர் லைட்டை அவரவர் போட்டில் கட்டினார்கள். கயிறு போதாத இடத்தில் மாரி ஓடிப்போய் வலைக்கயிறு கொண்டுவந்தார். சற்று நேரத்தில் தலைகள் எல்லாம் காலி. தெரு முன்னைவிடப் பளிச்.

தேவராஜ் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். "இம்மாம் சுளுவா சார்? இத்தினி வருசமா நம்மள்ல ஒருத்தனுக்கும் இது தோணலியே, ஏன் சார்?"

ஏன் தோன்றும்? சுமை அடுத்தவர் தலையில் இருக்கும்வரை, நம் மூளைக்கு விடுமுறைதான்!