எதிர்மனையில் கொட்டிய மணல்

அந்த நாட்களில் போனைத் திறந்தாலே கடற்கரைக் குழந்தைகள்தான். அக்குளில் பிடித்து மெல்ல மணலில் இறக்குவார்கள். பாதம் படப்போகும் நேரத்தில் குழந்தை இரண்டு கால்களையும் மடக்கித் தூக்கிக்கொள்ளும். பின்னணியில் சிரிப்பு, ஏதாவது ஒரு பாட்டு. என் மகளுக்கு அப்போது பத்து மாதம். ஹைதராபாதில் கடலுக்கு எங்கே போவது?

மெட்டுகுடாவில் எங்கள் சந்தில் எதிர்வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு ஞாயிறு காலை லாரி வந்து அந்த மனையின் முன்புறம் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. ஊரிலிருந்து வந்திருந்த என் மூத்த நாத்தனார் போனைக் கையில் எடுத்தார்.

“கடல் எதுக்கு? மணல்தானே வேணும். சுவர் தெரியாம நான் எடுக்கறேன் பாரு.”

குவியலின் ஓரத்தில் ஏறி நின்று மகளை இறக்கினேன். வெடுக்கென்று காலை மடக்கிக்கொண்டாள். சிரித்தோம். மறுபடியும் இறக்கினேன். மூன்றாம் முறை வீறிட்டு அழுதாள்.

“போதும் அண்ணி, பயப்படறா.”

“ஒண்ணே ஒண்ணு. இப்பதான் முகம் நல்லா விழுது.”

நான்காம் முறை குனிந்தபோது என் வலது காலைச் சுற்றி மணல் வழிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. காற்று இல்லை. அடியில் கல்லோடு கல் உரசும் சத்தம். காலை எடுக்கப் பார்த்தேன், முழங்கால்வரை இறங்கிவிட்டது.

“குழந்தையப் பிடிங்க! மேல ஏறாதீங்க, கைய நீட்டுங்க!”

அண்ணி போனைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். மகளை ஏறக்குறைய வீசினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த கணவர் தரையில் படுத்து, என் இரண்டு கைகளையும் பற்றி இழுத்தார். நாங்கள் எங்கள் கேட்டைத் தொடுவதற்குள் குவியலின் நடுப்பகுதி மடமடவென்று உள்ளே போனது. நாற்றம் சந்து முழுக்க ஏறியது.

பழைய வீட்டின் செப்டிக் டேங்க். மூடியிருந்த கல் பாரம் தாங்காமல் உடைந்திருக்கிறது. “அங்க டேங்க் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலம்மா” என்றார் மேஸ்திரி.

மறுநாள் அண்ணி வீடியோவை ஓடவிட்டார். நான் ஒலியைக் கூட்டச் சொன்னேன். முதல் முறை நான் மகளை இறக்கும்போதே, எங்கள் சிரிப்புக்கு அடியில் அந்தக் கல் உரசிக்கொண்டிருந்தது.

மூவரும் ஒரே ஒரு தடவைதான் கேட்டோம். கணவர் போனை வாங்கி அதை அழித்தார்.