துணிக்கு எதிர்ப்பக்கம்

பகடைக் கட்டைகள் உருண்டு நிற்கும் முன்பே சென்றாயன் அவற்றை அள்ளிவிட்டான்.

“இதுக்குள்ள ஈயம் இருக்குதுங்க. காலைலிருந்து லங்கர்லயே வெக்கறன், ஒருக்காவாச்சும் உழுந்துச்சா?”

சுற்றி நின்றவர்கள், துணி விரித்து ஆட்டம் நடத்தும் துணிக்காரன் மாதையனைப் பார்த்தார்கள். துணியில் ஆறு படங்கள்: சீட்டுக்கட்டின் இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர், அவற்றோடு கிரீடம், லங்கர். மூன்று கட்டைகளிலும் அதே ஆறு. வைத்த படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்த பணம் திரும்புவதோடு அதே அளவு கிடைக்கும். இரண்டில் விழுந்தால் இரண்டு பங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று பங்கு. விழாவிட்டால் வைத்தது துணிக்காரனுக்கு. கப்பல்காரர்கள் கொண்டுவந்த ஆட்டம் என்பார்கள். லங்கர் என்றால் நங்கூரம். சேந்தமங்கலத்தில் நங்கூரம் பார்த்தவர் யார்? கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

மாதையன் பதினாறு வருஷம் ரிக் வண்டியில் போய் வடக்கே ஆழ்துளைக் கிணறு போட்டவன். ஒரு காது அந்தச் சத்தத்தில் போயிற்று. திரும்பி வந்தபின் ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு நோம்பி, ராட்டினத்துக்குப் பின்னால், போலீஸ் கண்ணில் படாத இடமாகத் துணி விரிக்கிறான். கட்டைகள் சங்ககிரியில் லாரி பாடி கட்டும் ஆசாரி செதுக்கியவை. ஈயம் என்று ஒரு நோம்பியில் பேச்சு கிளம்பினால் மோகனூர் வரை எந்த ஊரிலும் அவன் உட்கார முடியாது.

இதற்கு ஒரு வழக்கம் உண்டு. சந்தேகப்பட்டவன் கட்டை குலுக்கும் டப்பாவை வாங்கி உருட்டுவான். துணிக்காரன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பணம் வைப்பான். கள்ளக்கட்டை என்றால் எது விழும் என்று அவனுக்குத் தெரியும்; ஜெயித்துவிடுவான். ஆகவே அவன் தோற்றாக வேண்டும். ஓர் ஊதுபத்தி எரியும் நேரம்.

பக்கத்தில் பொரி விற்றுக்கொண்டிருந்த மாதையன் மனைவி அத்தாயி பத்தியைக் கொளுத்தி மண்ணில் குத்தினாள். “போங்க, ஒருக்காவாச்சும் நல்லாத் தோத்துட்டு வாங்க” என்றாள். சிரித்தார்கள்.

மாதையன் கிளாவரில் வைத்தான். கிளாவர் விழுந்தது. டைமனில் வைத்தான். இரண்டு டைமன்.

“பாத்தீங்களா? சொல்லி வெச்சாப்புல உழுகுது!” என்றான் சென்றாயன்.

ஆட்டினில் தோற்றான். கிரீடத்தில் மறுபடி ஜெயித்தான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. நாள் பூராவும் உருட்டினால் எதிர்ப்பக்கம் இருப்பவன் தோற்பான், அது மாதையனுக்குத் தெரியும். ஓர் ஊதுபத்தி நேரத்துக்கு அந்தக் கணக்கு பொறுப்பேற்காது.

ஆறு படங்களிலும் ஒவ்வொரு ரூபாய்த் தாளாக வைத்தான்.

“அதென்னங்கண்ணா, ஆறுலயுமா? அப்பறம் கட்டை நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்?” என்றான் சென்றாயன்.

“உருட்டு சாமி. தெரியும்.”

மூன்றும் வேறு வேறாக விழுந்தன. மூன்று தாள் போய் மூன்று தாள் வந்தது. அடுத்து இரண்டு கிரீடம், ஓர் இஸ்பேட். நாலு போயிற்று, மூன்று வந்தது. சென்றாயன் ஓங்கி உருட்டினான், மெல்ல உருட்டினான். வேறு வேறாக விழுந்தால் ஒன்றுமில்லை. இரட்டை விழுந்தால் ஒரு தாள் துணியிலேயே தங்கியது. மூன்றும் ஒன்றாக விழுந்தபோது இரண்டு தாள். மாதையன் ஜெயித்தது கரைந்து, கைப்பணமும் போக ஆரம்பித்தது.

ஆறு படம், மூன்று கட்டை, பாதிக்குப் பாதி என்றுதான் எல்லோரும் நினைத்து ஆடியிருந்தார்கள். இரட்டைக்கு இரண்டு பங்கு தருகிறான் என்று கைதட்டியும் இருக்கிறார்கள். துணி பிழைப்பதே அந்த இரட்டையில்தான். வைக்கும் நூறு ரூபாயில் ஏழெட்டு ரூபாய் அப்படித்தான் தங்குகிறது.

பத்தி அணைந்தது.

“நல்ல கட்டையே இவ்வளவு குடுக்குது சாமி. ஈயத்த ஊத்தி மாட்டிக்க எனக்கென்ன பைத்தியமா?”

சென்றாயன் டப்பாவை நீட்டினான். “கட்டை சுத்தமுங்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அங்கே நின்றவர்கள் கலைந்தார்கள்.

“பேரக் காப்பாத்திப்போட்டீங்க. கணக்கையும் காட்டிக் குடுத்துப்போட்டீங்க, நாளைக்கு எவன் வந்து வெப்பான்?” என்றாள் அத்தாயி.

மறுநாள் நோம்பியின் கடைசி நாள். மாதையன் காலையிலேயே துணி விரித்தான். உள்ளூர்க்காரர்கள் நின்று பார்த்துவிட்டு ராட்டினத்துப் பக்கம் போனார்கள். விஷயம் தெரியாத லாரி டிரைவர்கள் இரண்டு பேர் மத்தியானம் வரை ஆடினார்கள். கட்டையில் ஈயம் என்று யாரும் சொல்லவில்லை. அதன்பின் மழை வந்தது. துணியை மடித்துக்கொண்டு மாதையனும் அத்தாயியும் நாமக்கல் பஸ் ஏறினார்கள்.