கண்ணை மூடித் தூக்கிய கைகள்

புகழ்ச்சி எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். ஆனால் செமஸ்டர் கடைசியில் மாணவர்கள் எங்களுக்குக் கம்ப்யூட்டரில் போடும் மதிப்பீட்டைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். எல்லா ஆசிரியருக்கும் ஐந்துக்கு ஐந்து. 'மேம் நல்லா நடத்துறாங்க' என்று ஒரு வரி. இன்டர்னல் மார்க் எங்கள் கையில் இருக்கும்போது பிள்ளைகள் வேறு என்ன சொல்வார்கள்? யார் போட்டது என்று எங்களுக்குத் தெரியாது என்றால் நம்பமாட்டார்கள். நம்பாததும் நியாயம்தான்.

மன்னார்குடிக்கு வெளியே, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்துகிறேன். நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். வகுப்பு முடியும் நேரத்தில் எல்லோரும் மேசைமேல் தலை கவிழ்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். "இன்னைக்குப் புரியாதவங்க கை தூக்குங்க" என்பேன். தூக்கியது யார் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. முதல் நாள் பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியபோது எனக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாள் அதே பாடத்தை நிதானமாக நடத்தினேன். போகப் போகக் கைகள் குறைந்தன. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது. முகமே தெரியாமல் கைகள் மட்டும் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க முதலில் ஒரு மாதிரி இருந்தது. பிறகு பழகிப்போனது.

அது ஐப்பசி மாதம். விடாத மழை, கரண்ட் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வயல் தண்ணீர் கல்லூரிச் சுவர்வரை ஏறி நின்றது. நிபந்தனை நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்தேன். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம், கடைமடைக்கு அது வந்து சேரும் வாய்ப்பு எவ்வளவு? "எங்க அப்பாவைக் கேட்டா, மழை பெஞ்சா கண்டிப்பா வரும்பாரு" என்பது என் நகைச்சுவை.

அப்பாவின் பதிலை நான் சொல்வதற்கு முன்பே வகுப்பு சிரித்தது.

கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்தேன். முன் பெஞ்சில் இருந்த வகுப்புத் தலைவி, நன்னிலத்துப் பெண், அவளுடைய உதடு அசைவதை அப்போதுதான் கவனித்தேன். நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எனக்கு ஒரு சொல் முன்னால் அவள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு வாய், அதற்கும் பின்னால் இன்னொன்று. ஒருவர் பேனாவும் நகரவில்லை.

"என்ன, விளையாடுறீங்களா?" என்றேன்.

நோயாளியைப் பார்க்க வந்தவர்கள்போல என்னைப் பார்த்தார்கள். தலை கவிழச் சொன்னேன்.

"இந்தப் பாடத்தை நான் முன்னாடியே நடத்திட்டேனா?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"ஒரு தடவைக்கு மேலயா?"

ஒரு கைகூட இறங்கவில்லை.

முந்தைய நாளை மனதுக்குள் துழாவினேன். குடை இருந்தது, கேன்டீன் டீ இருந்தது. வகுப்பில் நின்ற அந்த ஒரு மணி நேரம் மட்டும் இல்லை. டாக்டர் பிறகு இதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரையும் கொடுத்தார். அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். எனக்கு வேறு வேலை தெரியாது. நடத்தியதே நினைவில்லாத ஒருத்தியை இனி யார் வகுப்புக்குள் விடுவார்கள்?

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன். "கையை இறக்குங்க. இதே கேள்வியையும் உங்ககிட்ட நான் கேட்டிருக்கேனா?"

இறங்கிய கைகள் மெல்ல மெல்ல மறுபடி எழுந்தன.

"அப்பறம் ஏன் யாருமே சொல்லலை?" என்று கத்தினேன்.

நன்னிலத்துப் பெண் தலையைத் தூக்காமலே பேசினாள். "சொன்னோம் மேம். 'ஹெச்.ஓ.டி.கிட்ட நானே போய் சொல்லிக்கிறேன், நீங்க யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க'ன்னு நீங்கதான் சொன்னீங்க. உடனே கிளம்பியும் போனீங்க. மறுநாள் வந்து மறுபடி மேட்டூர்லேருந்து ஆரம்பிச்சீங்க."

அவர்கள்மேல் கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றியிருந்தார்கள். அழுகை வந்தது, அழுதேன். கண் மூடியிருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது என்று நம்புகிறேன்.

துறைத் தலைவரின் அறை அதே வராந்தாவின் கடைசியில்தான் இருக்கிறது. நன்னிலத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன். "என்கூட வாம்மா. நான் வேற பக்கம் திரும்பினா விடாதே."

அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மழைச் சாரல் அடித்த வராந்தாவில் இருவரும் நடந்தோம். துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் போகும்போது பாதி வழியில் நின்று, "நாம எங்கம்மா போறோம்?" என்று அவளைக் கேட்டேனாம். அதை அவள்தான் பிறகு சொன்னாள்.