ஐந்து ரதம் வரை ஆள் பிடித்த ஞாயிறு

காலை 7.10, செங்கல்பட்டு பேருந்து நிலையம். மாமல்லபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. டிக்கெட் முப்பது ரூபாய், தூரமும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். மடியில் சுருட்டிய பேனர், காலடியில் மைக் பெட்டி. எங்கள் பேச்சு சிகிச்சையாளர் சங்கத்தின் மாவட்டக் கிளைக்கு இன்று ஆண்டுப் பொதுக்கூட்டம். நான் இணைச் செயலாளர். போன வருஷம் "யார் செய்கிறீர்கள்?" என்று தலைவர் கேட்டபோது கையைத் தூக்கியது நான் ஒருத்திதான். அத்துடன் தேர்தல் முடிந்துவிட்டது.

கடற்கரை ஹோட்டலில் வைத்தால்தான் உறுப்பினர்கள் வருவார்கள் என்பது தலைவரின் யோசனை. வருவார்கள். கடற்கரைக்கா, கூட்டத்துக்கா என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் குழுவுக்குச் செய்தி போட்டேன்: "இன்று முக்கியத் தீர்மானம், செய்யூர் ஞாயிறு முகாம். பன்னிரண்டு மணிக்கு அனைவரும் அரங்கில் இருக்கவும்." மலை கண்ணிலிருந்து மறைவதற்குள் கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. கட்டைவிரலுக்கு எங்கள் சங்கத்தில் பஞ்சமே கிடையாது.

செய்யூர் விஷயம் இதுதான். அங்கே ஏகாம்பரம் என்று ஒரு தனியார் பஸ் கண்டக்டர். ஐந்து மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சு போய்விட்டது. யார் என்ன பேசினாலும் அவருக்குப் புரிகிறது. பதிலுக்கு வாயைத் திறந்தால் வருவது ஒன்றே ஒன்று: "போலாம் ரைட்." பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியது மட்டும் மிஞ்சுவது எங்கள் தொழிலில் பார்க்கிறதுதான். வாரம் தவறாமல் பயிற்சி கொடுத்தால் இன்னும் கொஞ்சம் மீட்கலாம். தள்ளிப் போடப் போடக் கஷ்டம். செய்யூரில் அதற்கு ஆள் இல்லை. செங்கல்பட்டுக்கு வந்து போனால் அவர் மனைவி கஸ்தூரிக்கு அன்றைய கூலி போச்சு. மாதத்துக்கு நாலு ஞாயிறு. ஒன்றுக்கு நான் போகிறேன், மீதிக்கு மூன்று பேர் வேண்டும். தீர்மானம் நிறைவேறினால் முகாமுக்கு வருகிறவர்களுக்கு, பதிவைப் புதுப்பிக்கத் தேவையான சங்கத்தின் பயிற்சிப் புள்ளிகள் கிடைக்கும். புள்ளி இல்லாமலே எங்கள் ஆட்கள் செய்யூர் வரை வருவார்கள் என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன். எனக்கு இருபத்தாறு.

காலைப் பயிலரங்கில் நிற்க இடமில்லை. அதற்குப் புள்ளி உண்டு.

பகல் 12 மணி. மேடையில் தலைவர், எதிரே காலி நாற்காலிகள். எண்ணிப் பார்த்தேன், அவரையும் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அரங்கத்துக்குள் இருபது உறுப்பினர்கள் இருந்தால்தான் தீர்மானம் செல்லும் என்பது விதி. இரண்டு மணிக்கு அரங்கைக் காலி செய்தாக வேண்டும். சாயங்காலக் கல்யாண வரவேற்புக்கு அலங்காரம் செய்ய வந்தவர்கள் பூக்கூடைகளோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துடுவாங்கம்மா. எதிர்ல கடல் இருக்கு, கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்றார் தலைவர்.

முதல் வரிசையில் ஏகாம்பரமும் கஸ்தூரியும். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். "இன்னா மேடம், காலைல அம்மாம் பேர் இருந்தாங்க. இப்ப சேருதான் கீது?" என்றாள் கஸ்தூரி.

"இருங்கக்கா, பிடிச்சிட்டு வரேன்."

நான் கிளம்பியதும் ஏகாம்பரமும் எழுந்துவிட்டார். "போலாம் ரைட்."

"இட்டுகினு போங்க மேடம். வண்டி எடுக்கறது தெரிஞ்சா அது ஒக்காராது."

வாசலில் ஆட்டோ. சுற்றி வர முந்நூறு ரூபாய் கேட்டார் டிரைவர். "எங்கம்மா போவணும்?"

"ஆள் தேடணும்ணா. ஒன்பது பேர்."

"தொலைஞ்சிட்டாங்களா? சின்னப் புள்ளைங்களா?"

"எல்லாம் பெரியவங்க. எங்க சங்கத்து ஆளுங்க."

"அப்ப தொலையல. எஸ்கேப்பு."

அர்ச்சுனன் தபசு. உலகமே வந்து பார்க்கும் பாறையில் நான் பார்த்தது கல்பாக்கத்து உறுப்பினர் ரமேஷின் முதுகை மட்டும்தான். மாமியாரை யானைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் குரூப்ல தம்ஸ்-அப் போட்டேனே மேடம்?"

"கட்டைவிரலை எண்ண மாட்டாங்க சார், ஆளைத்தான் எண்ணுவாங்க."

"மாமியார் ஊர்லேருந்து வந்திருக்காங்க..."

ஏகாம்பரம் ஆட்டோவின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். "போலாம் ரைட்!" அதட்டலைக் கேட்டு மாமியார் முதலில் ஏறிக்கொண்டார். அப்புறம் ரமேஷ் என்ன செய்ய முடியும்?

வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு உள்ளே போக நாற்பது ரூபாய். "ஆளைக் கூப்பிடத்தான் சார் போறேன்" என்றேன். "கூப்ட போறவங்களுக்கும் நாப்பதுதாம்மா." உள்ளே நாலு பேர் பாறையைத் தள்ளுவது போல நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாறை நகரவில்லை. அவர்களும் அவ்வளவு சீக்கிரம் நகரவில்லை. கெஞ்சி, திட்டி, அவர்களுடைய காரில் ஏற்றி எங்கள் பின்னால் வரச் செய்தேன்.

நல்லவேளை, அதே சீட்டு ஐந்து ரதத்துக்கும் செல்லும். ஏகாம்பரத்துக்கு மட்டும் ஒரு சீட்டு வாங்கினேன். கல் யானையின் நிழலில் கடைசி நாலு பேரும் இளநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நிவேதிதா, நாவலூரில் சொந்தமாகக் குழந்தைகள் பேச்சு சிகிச்சை மையம் நடத்துகிறவள். "மீட்டிங் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு யானையே எழுந்து போயிருக்க வேண்டும்.

ஏகாம்பரம் கையை வீசினார். "போலாம் ரைட்! போலாம் ரைட்!"

நிவேதிதா இளநீரைக் கீழே வைத்தாள். "இவருக்கு எத்தனை மாசம் ஆச்சு?"

போச்சு. அவரை மணலில் உட்கார வைத்தாள். "ஒண்ணு, ரெண்டு..." என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் "மூணு, நாலு" என்று தொடர்ந்தார். மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். காரில் இருந்த நாலு பேரும் பாறையில் வாங்கிய சீட்டைக் காட்டி உள்ளே வந்துவிட்டார்கள், ரமேஷ் புதிதாக நாற்பது ரூபாய் கொடுத்தே வந்துவிட்டார். ஒருத்தி செருப்பைக் காட்டிப் பெயர் கேட்டாள், ஒருவன் பாட்டுப் பாடச் சொன்னான். மூளையில் அடி எந்தப் பக்கம் என்று சண்டை வேறு. "அரங்கம்! இரண்டு மணி!" என்று நான் கத்துகிறேன். "இப்படிக் கத்தாதீங்க மேடம், குரல் கெட்டுடும்" என்று ரமேஷ் அறிவுரை சொல்கிறார். ஒரு மனிதருக்காக ஓட்டுப் போட வேண்டியவர்கள், அந்த மனிதரையே சோதித்துக்கொண்டு ஓட்டைத் தவற விட்டார்கள். இந்தத் தவறை எங்கள் ஆட்களால்தான் செய்ய முடியும்.

2.20க்குத் திரும்பினோம். மேடையில் மணமக்கள் நாற்காலி ஏறிவிட்டது.

"ஒத்தி வெச்சாச்சும்மா. அடுத்த பொதுக்கூட்டத்துல பாத்துக்கலாம்" என்றார் தலைவர்.

"இருபது பேர் இருக்கோம் சார். மணல்ல உக்காந்து நடத்துவோம்."

"அரங்கத்துக்குள்ளன்னு விதியில இருக்கே."

அடுத்த பொதுக்கூட்டம் அடுத்த வருஷம்.

3.30, மாமல்லபுரம் பேருந்து நிலையம். செய்யூர் வழியாகப் போகும் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. வழியனுப்ப வந்தது நானும் நிவேதிதாவும்தான். படிக்கட்டில் நின்று கஸ்தூரி கேட்டாள்: "அப்ப அடுத்த ஞாயித்துக்கெயம யாரு மேடம் வர்றது?"

அடுத்த ஞாயிறு என்னுடையது இல்லை. நான் நிவேதிதாவைப் பார்த்தேன். அவள் செல்போனைப் பார்த்தாள். "தீர்மானம் வரட்டும்க்கா, கண்டிப்பா பார்க்கலாம்."

கஸ்தூரி உள்ளே போனாள். விசில். பஸ் நகர்ந்தது. படியில் நின்ற ஏகாம்பரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இரண்டு மூன்று தரம் கோணியது. உள்ளங்கையால் தகரத்தில் ஓங்கி அடித்தார்.

"ஓல்டான்!"

டிரைவர் பிரேக் போட்டார். பஸ்ஸை நிறுத்த எல்லாக் கண்டக்டரும் போடும் சத்தம்தான். ஆனால் ஐந்து மாதத்தில், யாரும் எடுத்துக் கொடுக்காமல் இந்த வாயிலிருந்து தானாக வந்த இரண்டாவது சொல்.

"யாருப்பா ஓல்டான் சொன்னது? நானே இன்னும் சொல்லல" என்று கத்தினார் அந்த பஸ்ஸின் கண்டக்டர்.

"எங்க வூட்டு ஆளு" என்றாள் கஸ்தூரி. முந்தானையை வாயில் பொத்தியிருந்ததால் குரல் சரியாக வரவில்லை.

ஏகாம்பரம் நிவேதிதாவை நோக்கிக் கையை நீட்டினார். பிறகு படியைக் காட்டினார்.

"ஏறுறியா இன்னா சொல்ற? டைமாவுது" என்றார் கண்டக்டர்.

நிவேதிதா ஏறிவிட்டாள். அவளுடைய கார் ஹோட்டலில் நிற்கிறது. "திரும்பி வர பஸ் எத்தனை மணிக்குடி?" என்று ஜன்னலிலிருந்து அவள் கேட்டது பஸ் சத்தத்தில் பாதிதான் விழுந்தது.

செங்கல்பட்டு பஸ்ஸில் அதே முப்பது ரூபாய். அர்ச்சுனன் தபசை இன்னொரு நாள் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். குழுவில் எழுதினேன்: "செய்யூர் முகாம் தொடங்கிவிட்டது. புள்ளி கிடையாது. இன்னும் இரண்டு ஞாயிறு காலி."

திருக்கழுக்குன்றம் வந்தது, மலை வந்தது, மலை போனது. ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. இந்தச் செய்தியை மட்டும் எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.